ஒரு சாண் தூரம்

நம் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். பிள்ளைகளை வெளியே விடும்போது நம் அம்மாக்கள் தூரத்தைக் குரலால்தான் அளந்தார்கள். கூப்பிட்டால் காதில் விழவேண்டும். அதுதான் எல்லை. அதற்குள் புதர் இருந்தாலும் பள்ளம் இருந்தாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை.

சங்கரன்கோவிலில் எங்கள் வீட்டுப் புறவாசல் கதவைத் திறந்தால் அப்படி ஒரு நிலம் இருந்தது. யாருடையது என்று எங்களுக்குத் தெரியாது. கரிசல் மண். வெயில் காலத்தில் கால்விரல் நுழைகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். எருக்கும் ஆவாரையும் உடைமரங்களும் நின்றன. நடுவில் என் இடுப்பு உயரத்துக்கு ஒரு கறையான் புற்று. அதைத் தாண்டி ரயில் தண்டவாளத்து மேடு. இப்போது அந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபம் இருக்கிறது. புற்று இருந்த இடத்தில் கார்களை நிறுத்துகிறார்கள்.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தேன். தங்கச்சி ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்தாள். அப்பா பவர்லூம் தறி ஓட்டினார். அம்மா வீட்டில் இருந்து தறிக்கு நூல் சுற்றினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நூலில் கை வைத்துவிடுவோம் என்று பயந்து எங்களைப் புறவாசல் வழியாக வெளியே தள்ளிக் கதவைச் சாத்துவாள். அந்த ஒரு பருவம், ஆனி மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை நடந்ததைத்தான் எழுதுகிறேன். நான் கண்ணால் பார்த்ததையும் பிறகு பெரியவர்கள் சொல்லக் கேட்டதையும் கலந்துவிடாமல் எழுத முயல்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். தங்கச்சிக்குக் கண் சரியாகத் தெரியாது. அது அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. அவளுக்கும் தெரியாது. உலகமே அப்படித்தான் இருக்கிறது, எல்லோரும் அப்படித்தான் பார்க்கிறார்கள் என்று அவள் நினைத்திருந்தாள்.

அவள் எதையும் நின்றபடி பார்த்ததில்லை. முழங்காலில் உட்கார்ந்து, கைகளை ஊன்றி, ஒரு சாண் தூரத்துக்கு முகத்தைக் கொண்டுபோவாள். சில சமயம் அதற்கும் பக்கத்தில். அவள் மூக்கு நுனியில் எப்போதும் மண் ஒட்டியிருக்கும். “நாய்க்குட்டி மாதிரி மோந்துகிட்டே திரியுதா பாரு” என்று அம்மா சிரிப்பாள். எங்கள் வீட்டில் எல்லோரும் அவள் வாசம் பிடிக்கிறாள் என்றே நினைத்தோம்.

அந்த ஒரு சாணுக்குள் அவள் பார்த்தவற்றை நான் பார்த்ததே இல்லை. “அக்கா, இந்த எறும்புக்கு முதுகுல முடி இருக்கு” என்பாள். நான் குனிந்து பார்த்தால் எறும்பு மட்டும் தெரியும். நெருஞ்சிமுள்ளின் நுனி எந்தப் பக்கம் வளைந்திருக்கிறது, எருக்கம்பூவின் நடுவே இருக்கும் கிரீடத்துக்கு எத்தனை மூலை, மரவட்டை சுருளும்போது தலை உள்ளே போகிறதா வெளியே நிற்கிறதா, எல்லாம் அவளிடம்தான் கேட்கவேண்டும். எங்களிடம் ஒரு பிஸ்கட் டப்பாவின் மூடி இருந்தது. தகர மூடி, ஓரத்தில் துருப்பிடித்தது. கண்டெடுத்ததையெல்லாம் அதில் வரிசையாக அடுக்குவோம். நத்தைக்கூடு, கிளிப்பச்சை நிறத்தில் ஒரு வண்டின் இறக்கை, பாம்புச் சட்டையின் ஒரு துண்டு. அடுக்குவது என் வேலை. ஒவ்வொன்றையும் கண்ணருகே வைத்து அது எப்படி இருக்கிறது என்று சொல்வது அவள் வேலை. அந்த மூடி எந்த வீட்டு மாற்றத்தில் தொலைந்தது என்று இருவருக்கும் நினைவில்லை.

மேட்டில் ரயில் வரும்போது நான் கையாட்டுவேன். அவளும் ஆட்டுவாள். சில நாள் ரயில் போன பிறகும் ஆட்டிக்கொண்டிருப்பாள். சில நாள் வேறு பக்கம் பார்த்து ஆட்டுவாள். விளையாட்டுக்குச் செய்கிறாள் என்று நான் நினைத்தேன்.

இந்தக் கதையில் இன்னொருவர் உண்டு. பெரியம்மா. அப்பாவின் அண்ணன் மனைவி. அடுத்த வீடு. பெரியப்பா பம்பாயில் வேலை பார்த்தார், வருஷத்துக்கு ஒரு முறை வருவார், வந்தாலும் வீட்டில் தங்கமாட்டார். பிள்ளைகள் இல்லை. பெரியம்மா பூக்கட்டி விற்றாள். சின்ன வயதில் அம்மை போட்டு அவள் முகம் முழுவதும் குழிகள். யாரோடு பேசினாலும் முந்தானை நுனியைக் கன்னத்தருகே பிடித்துக்கொண்டுதான் பேசுவாள். நாங்கள் அதைப் பார்த்துப் பழகியதால் அது ஏன் என்று கேட்டதில்லை.

தங்கச்சி அவள் மடியில்தான் கிடப்பாள். மல்லிகை வாசத்துக்காக அல்ல. மடியில் ஏறி இரண்டு கைகளாலும் பெரியம்மாவின் கன்னத்தைப் பிடித்து, மூக்கோடு மூக்கு ஒட்டுகிற தூரத்தில் வைத்து, ஒவ்வொரு குழியாகப் பார்ப்பாள். விரலால் தொடுவாள். “இங்கன ஒரு குளம். இங்கன ஒரு குளம். பெரியம்மா, உன் மூஞ்சில எவ்வளவு குளம்!” என்பாள். பெரியம்மா முந்தானையை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருப்பாள்.

ஆனி மாதக் கடைசியில் ஒரு சாயங்காலம். நான் ஆவாரம் புதருக்கு இந்தப் பக்கம் இருந்தேன். தங்கச்சி புற்றின் அடியில் முழங்காலில் உட்கார்ந்திருந்தாள். பெரியம்மா பூவோடு சேர்த்துக் கட்டத் தழை பறிக்க வந்தவள் என் பின்னால் நின்றாள். அவள் கை என் தோளை இறுக்கியதும்தான் நான் நிமிர்ந்து பார்த்தேன். தங்கச்சியின் முகத்துக்கு நேராக ஒரு நல்லபாம்பு படம் எடுத்து நின்றது. இருவருக்கும் நடுவே ஒரு முழம் இருக்கும். தங்கச்சி இன்னும் கிட்டே போனாள். கையை நீட்டவில்லை. முகத்தைத்தான் கொண்டுபோனாள். வாயைத் திறந்து எதையோ சொல்லவும் சொன்னாள். பாம்பு படத்தைச் சுருக்கிப் புற்றின் மறுபக்கம் இறங்கிப் போய்விட்டது.

இவ்வளவுதான் நான் பார்த்தது. பெரியம்மா பார்த்தது வேறு. ஓடிப்போய்த் தங்கச்சியைத் தூக்கினாள். “தாயி, தாயி” என்றாள். தங்கச்சியை இறக்கிவிட்டு அந்த மண்ணிலேயே விழுந்து அவள் காலைத் தொட்டுக் கும்பிட்டாள்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்கவேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் ஊர்க் கோயிலில் புற்றுமண்தான் பிரசாதம். வீட்டில் பாம்போ தேளோ தட்டுப்பட்டால் அடிக்க மனம் வராது. அதன் உருவம் பதித்த சின்னத் தகடு ஒன்றை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, அது தன் வழியில் போகட்டும் என்று விட்டுவிடுவோம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு குழந்தை நல்லபாம்பின் முகத்தோடு முகம் வைத்துப் பேசினாள் என்றால் என்ன ஆகும்? கோயில் திருவிழாவான ஆடித்தபசுக்கு ஊரே திரண்டிருந்தது. தபசு முடிவதற்குள் எங்கள் வாசலில் செருப்புகள் சேர ஆரம்பித்தன.

பெரும்பாலும் பெண்கள். தோலில் சொறி வந்த பிள்ளைகளோடு வருவார்கள். பெரியம்மா தங்கச்சிக்குத் தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் புற்றுமண் பூசி உட்கார வைப்பாள். வந்த பிள்ளையின் சொறியைத் தங்கச்சி ஒரு சாண் தூரத்தில் வைத்து உற்றுப் பார்ப்பாள். “அவ பாத்தாலே போதும்” என்பாள் பெரியம்மா. சிலருக்கு ஆறியது. சொறி ஆறக்கூடியதுதானே.

அம்மாவுக்குப் பெருமையும் பயமும் சேர்ந்து இருந்தது. அப்பா ஒருமுறை பெரியம்மாவிடம், “வெளையாடுத புள்ளய இப்படிப் பிடிச்சு வச்சா எப்படி மைனி?” என்று கேட்டார். “நீங்க தறிச் சத்தத்துல காது அடைச்சவரு தம்பி. உங்களுக்கு இதெல்லாம் கேக்காது” என்றாள் பெரியம்மா. அப்பா சிரித்துக்கொண்டு போய்விட்டார்.

பள்ளிக்கூடத்தில் வேறு மாதிரி. போர்டில் எழுதிப்போட்டதைத் தங்கச்சி எழுதுவதே இல்லை. டீச்சர் அம்மாவைக் கூப்பிட்டு, “புள்ள மந்தமா இருக்கா. கவனமே இல்ல. கொஞ்ச நாள் பின்னால உக்காந்து கேக்கட்டும், தொந்தரவு பண்ணாம” என்றார். நல்ல டீச்சர்தான். தங்கச்சியைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார். கூட வந்திருந்த பெரியம்மா திரும்பும் வழியில், “சாமி புள்ளைக்குப் போர்டு எதுக்குட்டி?” என்று அம்மாவைச் சமாதானப்படுத்தினாள். எங்கள் வாசலிலும் பள்ளிக்கூடத்திலும் ஒரே குழந்தையின் ஒரே குறையைத்தான் பார்த்தார்கள். இங்கே கும்பிட்டார்கள், அங்கே தள்ளி உட்கார வைத்தார்கள். இரண்டிலும் யாரும் அவளிடம், “உனக்கு என்ன தெரியுது?” என்று கேட்கவில்லை.

ஆவணியில் ஒரு நாள் அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனோம். தறிக்கூடத்துக்குள் போனால் பேச்சு கேட்காது, தரை அதிரும், எண்ணெயும் பஞ்சும் கலந்த வாசம் தொண்டையில் ஒட்டும். அப்பாவின் தறி நின்றிருந்தது. பாவில், நீளவாக்கில் விரித்த நூல்களில், ஓர் இழை அறுந்திருந்தது. அறுந்ததைக் கண்டுபிடித்து முடிச்சுப் போட்டால்தான் தறி மறுபடி ஓடும். எங்களுக்கு விளையாட்டுக் காட்ட, “எங்கன அறுந்திருக்கு, சொல்லுங்க பாப்போம்” என்றார் அப்பா. நான் நின்ற இடத்திலிருந்தே காட்டினேன். தங்கச்சி பாவின் ஒரு ஓரத்தில் மூக்கை வைத்து, இழை இழையாக முகத்தை நகர்த்திக்கொண்டே போனாள்.

அப்பாவின் முகம் மாறியதை நான் பார்த்தேன். தறிக்காரர்களுக்கு அந்தக் குனிவு தெரியும். கண் மங்கிப்போய் வேலையை விடுகிற வயசாளிகள் கடைசி நாட்களில் அப்படித்தான் பாவின் மேல் கவிழ்ந்து கிடப்பார்கள். அப்பா ஒரு சிவப்பு நூலைக் கையில் எடுத்து, வெள்ளைத் துணியின் மேல் பிடித்தார். ஆள் எடுக்கும்போது முதலாளி கண் பார்க்கிற முறை அது. “இது எங்கன இருக்கு, தொட்டுக்காட்டு” என்றார். தங்கச்சி துணியைப் பார்த்துச் சிரித்தாள். “எதுப்பா?” என்றாள். அப்பா துணியை அவள் முகத்தை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்தார். அவள் தொட்டபோது துணி அவள் முகத்திலிருந்து ஒரு சாண் தூரத்தில் இருந்தது.

அன்று அப்பா சாப்பிடவில்லை. பாதி வேலையில் எங்களைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த பெரியம்மாவும் கேட்க, அம்மாவிடம் திடமாகச் சொன்னார்: “இவ வாசம் பிடிக்கல. கண்ணு தெரியல. எல்லாரும் சேந்து ஒரு கண்ணு தெரியாத புள்ளயக் கும்பிட்டுக்கிட்டு இருக்கோம்.”

பெரியம்மா பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். “அப்படிச் சொல்லாதீய தம்பி. வெள்ளில கண்மலர் வாங்கி அம்மனுக்குப் போடுதேன். தெளிஞ்சிரும்.”

“போடுங்க மைனி. நீங்க கண்மலரும் போடுங்க. நான் திருநெல்வேலிக்கும் கூட்டிட்டுப் போறேன்.”

“டாக்டர்ட்ட கொண்டுபோனா அவகிட்ட இருக்கது போயிரும்.”

“போகட்டும்” என்றார் அப்பா.

திருநெல்வேலியில் கண் டாக்டரிடம் நானும் போயிருந்தேன். வயதான பெண்மணி. தங்கச்சியின் இரண்டு கண்களிலும் தூரப்பார்வை மிகவும் குறைவு என்றார். இடது கண்ணுக்குக் கண்ணாடி போதும். வலது கண் அதைவிட மோசம், அதனால் மூளை அதைப் பயன்படுத்துவதையே நிறுத்திக்கொண்டு வருகிறது என்றார். இடது கண்ணைத் துணியால் மூடி, வலது கண்ணை வேலை வாங்க வேண்டும். நாள்தோறும் பாதிப் பகல். மாதக்கணக்கில். “இப்ப விட்டுட்டா அப்புறம் எந்தக் கண்ணாடி போட்டாலும் அந்தக் கண்ணு வராது. பழக்குறது வீட்லதான். என் கையில இல்ல” என்றார்.

நடந்ததைக் கேட்டுவிட்டுத் தங்கச்சியிடம், “ஏம்மா, பாம்புக்கிட்ட என்ன பேசுன?” என்று டாக்டர் கேட்டார்.

“பாம்பா? அப்பா தறியில மிச்சமான நூலு, காத்துல ஆடுதுன்னு நெனச்சேன். யாரு இங்கன போட்டதுன்னு கேட்டேன்.”

டாக்டர் சிரிக்கவில்லை. அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடி வந்தது. தடித்த பழுப்பு நிறச் சட்டம், காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் நாடா. அதைப் போட்டுக்கொண்டு முதல் சாயங்காலம் புறவாசலுக்கு வெளியே போனோம். அவள் மகிழ்ச்சியில் துள்ளுவாள் என்று நான் எதிர்பார்த்தேன். நாலடி நடந்தாள். நின்றாள். தரையில் ஒரு மரவட்டை போய்க்கொண்டிருந்தது. அவள் கையில் எடுத்து விளையாடிய அதே மரவட்டைதான். வீறிட்டு அழுதாள். “அக்கா, அது வருது! இங்கன வருது!” என்று என் பாவாடையைப் பிடித்தாள். பொருட்கள் அவளுக்கு அதுவரை தூரத்திலிருந்து வந்ததே இல்லை. அவளாகப் போனால்தான் எதுவும் இருக்கும். இப்போது எல்லாம் தன்பாட்டில் இருந்தன, நகர்ந்தன, அவளை நோக்கி வந்தன. ஓணான், ஆட்டுக்குட்டி, காற்றில் ஆடும் எருக்கு, எல்லாவற்றுக்கும் பயந்தாள். ரயில் வந்தபோது வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

வாசலில் செருப்புகள் குறைந்தன. குருவிகுளத்துப் பக்கமிருந்து வந்த ஒரு பெண், கண்ணாடியும் ஒரு கண்ணில் துணியுமாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்து, “இந்த ஒத்தக்கண்ணுப் புள்ளயவா சாமின்னு சொன்னீய?” என்று பெரியம்மாவிடம் கேட்டுவிட்டுத் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அதன் பிறகுதான் அது நடந்தது. மத்தியானம் நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து சாப்பிட வருவோம். அப்பா தறியில் இருப்பார், அம்மா ராட்டையில் இருப்பாள். தங்கச்சியைச் சோறூட்ட அழைத்துப்போகும் பெரியம்மா, கதவைச் சாத்திவிட்டு அவள் கண் துணியை அவிழ்த்தாள். கண்ணாடியையும் கழற்றி மாடக்குழியில் வைத்தாள். பிறகு மடியில் போட்டு, முகத்துக்கு முன் முகத்தைக் கொண்டுபோய், “இப்பப் பாரு தாயி. பெரியம்மாவப் பாரு” என்றாள். தங்கச்சி பழையபடி கன்னத்தைப் பிடித்தாள். இதைத் தங்கச்சி என்னிடம் சொன்னாள், மறைக்கத் தெரியாத வயது. நான் அம்மாவிடம் சொன்னேன். அம்மா மூலம் அப்பாவுக்குப் போயிற்று.

அப்பா சத்தம் போட்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான். “அந்த டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னு உங்கள்ட்டயும் சொன்னேம்லா மைனி? புள்ளைக்கு ஒரு கண்ணு போயிட்டா உங்க சாமி வந்து தருமா?”

பெரியம்மா முந்தானையை முகத்தில் இழுத்துக்கொண்டு நின்றாள். “எனக்கு என்ன தெரியும்? நான் படிச்சவளா?” என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரவில்லை. சாயங்காலம் அவள் வாசலில் பூக்கூடை மட்டும் இருக்கும்.

அப்போது எங்கள் வீட்டில் எல்லோரும் அதை மூடநம்பிக்கை என்று முடித்துக்கொண்டோம். நானும் வெகுகாலம் அப்படித்தான் நினைத்தேன். இந்த வயதில் வேறு மாதிரி தோன்றுகிறது. பாம்பும் புற்றும் பெரியம்மாவுக்கு ஒரு பேச்சுத்தான். பெரியப்பா உட்பட, அந்த முகத்தின் அருகே தன் முகத்தை யாரும் கொண்டுபோனதில்லை. ஒரே ஒரு குழந்தை கொண்டுபோனாள். அதையும் ஒரு கண்ணாடி தூக்கித் தள்ளி வைத்துவிட்டது. பெரியம்மா காப்பாற்ற நினைத்தது அந்த ஒரு சாணைத்தான்.

தங்கச்சியின் கண்ணைப் பழக்குவது என் பொறுப்பாயிற்று. ஐப்பசி மழையில் கரிசல் பசை போலக் காலைப் பிடிக்கும். புறவாசல் படியில் அவளை உட்கார வைப்பேன். இடது கண்ணில் துணி. மழை விட்டதும் சிவப்புப் பட்டுப்பூச்சிகள் மண்ணில் வரும். கையெட்டும் தூரத்தில் ஒன்றை விட்டு, “எங்கன போவுது?” என்று கேட்பேன். முதலில், “போவல, சும்மா கலங்கலா இருக்கு, எனக்கு வேணாம்” என்று அழுவாள். துணியைப் பிய்ப்பாள். என்னைக் கடித்தும் இருக்கிறாள். நாள் போகப் போகப் பூச்சியை ஒரு முழம் தள்ளி விட்டேன். பிறகு இரண்டு முழம். பயமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. எது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிட்டால் பயப்பட அவ்வளவு காரணம் இல்லை போலிருக்கிறது.

வலது கண் முழுமையாக வரவில்லை. அதையும் எழுதிவிட வேண்டும். இன்றும் அவள் ஊசியில் நூல் கோர்க்க இடது கண்ணைத்தான் நம்புகிறாள். ஆனால் அது போய்விடவில்லை.

கார்த்திகையில் மழை விட்டிருந்த ஒரு மத்தியானம். நாங்கள் புறவாசல் படியில் இருந்தோம். பெரியம்மா அவள் வீட்டுப் பின்பக்கம் விறகைக் காயவைக்க வந்தாள். எங்களைப் பார்த்ததும் முந்தானையை இழுத்துக்கொண்டு திரும்பப் போனாள். நடுவில் மழைத்தண்ணீர் தேங்கிக் கிடந்தது. பத்துப் பதினைந்து அடி இருக்கும்.

தங்கச்சி எழுந்து நின்றாள். குனியவில்லை. இடது கண்ணில் துணி கட்டித்தான் இருந்தது.

“பெரியம்மா! நீ அங்கன நின்னாலே தெரியுத!”

பெரியம்மா நின்றாள்.

“மூஞ்சி தெரியுது. குளம் எல்லாம் தெரியுது. இங்கன இருந்தே தெரியுது பெரியம்மா!”

அது எவ்வளவு பெரிய செய்தி என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் கத்திச் சொன்னாள். அதே செய்தி எதிரே நின்றவளுக்கு என்ன என்று அந்த வயதில் அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

முந்தானையைப் பிடித்திருந்த பெரியம்மாவின் கை கன்னத்தருகே அப்படியே நின்றது. பிறகு மெதுவாக இறங்கியது. தண்ணீருக்கு அந்தப் பக்கம், வெயிலில், மறைக்காத முகத்தோடு எங்களை நோக்கி நின்றாள்.

“தெரியட்டும் தாயி” என்றாள். “நல்லாத் தெரியட்டும்.”